வாசலில் நின்ற சபை – 7: இடம் கொடுத்தவர்களும் இடம் கேட்டவர்களும்

1972 ஏப்ரல் மாதம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு கிறிஸ்தவ சபை நடத்திய மாலைநேரக் கலந்துரையாடலுக்கு வந்தவர்களில் நான்கு பேர் யூதர்கள். மதம் மாறும் உத்தேசம் நால்வருக்கும் இல்லை. தன்பாலீர்ப்பாளர்கள் என்பதை மறைக்காமல் நிம்மதியாக உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டியிருந்தது, அதற்காக வந்தார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி ஒரு கேள்வியில் வந்து நின்றது. கிறிஸ்தவர்களுக்கு இப்படி ஒரு சபை இருக்கும்போது, யூதர்களுக்கு ஒரு ஜெபாலயம் இருந்தால் என்ன?

எங்கள் கட்டடத்திலேயே தொடங்குங்கள் என்றது அந்தச் சபை. இடம் தந்ததோடு, புதிதாக ஒரு சபையைக் கட்டியெழுப்பும் முறையையும் சொல்லிக்கொடுத்தது. சவுத் யூனியன் அவென்யூவில் சிலுவை வைத்த கூரையின் கீழ் வெள்ளிக்கிழமை மாலைகளில் எபிரேய மன்றாட்டு கேட்கத் தொடங்கியது. தன்பாலீர்ப்பாளருக்கென உலகில் எழுந்த முதல் யூத ஜெபாலயம் பிறந்தது இப்படித்தான், ஒரு தேவாலயத்துக்குள். தொடக்கத்தில் அதற்கு ‘மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி டெம்பிள்’ என்று பெயர். வீடு கொடுத்தவரின் பெயரையே குழந்தைக்கும் வைத்ததுபோல. பிறகு ‘புதுவாழ்வின் இல்லம்’ என்று பொருள்படும் ‘பேத் ஹயீம் ஹடாஷிம்’ என்ற எபிரேயப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள்.

இடம் கொடுத்த சபை, மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச். சுருக்கமாக எம்.சி.சி. நிறுவியவர் ட்ராய் பெர்ரி. 1940-ல் ஃப்ளோரிடாவின் டாலஹாசியில் பிறந்தவர். 15 வயதிலேயே பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கிக்க உரிமம் பெற்று, பிறகு பெந்தெகொஸ்தே போதகரானவர். மணமாகி இரண்டு மகன்கள். அவர் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததும் சபை அவரை வெளியே அனுப்பியது. 1968 அக்டோபர் 6 அன்று, ஹண்டிங்டன் பார்க்கில் தன் வீட்டு வரவேற்பறையில் அவர் ஓர் ஆராதனை நடத்தினார். ‘தி அட்வகேட்’ பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்திருந்தார். வந்தவர்கள் 12 பேர். பெரும்பாலோர் நண்பர்கள், ஆறுதல் சொல்ல வந்தவர்கள்.

சென்ற இதழில் பார்த்த சான் பிரான்சிஸ்கோ போதகர்கள் 1964-ல் செய்தது வேறு. அவர்கள் மெதடிஸ்ட், லூத்தரன், எபிஸ்கோபல் என்று தத்தம் சபைகளுக்குள் இருந்துகொண்டே தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளோடு கைகோத்தவர்கள். பெர்ரியின் கூட்டம் அந்தச் சபைகளிலிருந்து துரத்தப்பட்டவர்களின் கூட்டம். அதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. ஒரே பெஞ்சில் முன்னாள் கத்தோலிக்கரும் முன்னாள் பெந்தெகொஸ்தேகாரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்குத் தூபமும் அங்கியும் வேண்டும். இன்னொருவருக்குக் கைதட்டலும் சாட்சியும் வேண்டும். இரண்டையும் வைத்து ஓர் ஆராதனையைத் தைத்தார்கள். திருவிருந்து ஒவ்வொரு ஞாயிறும் உண்டு. யார் வந்தாலும் உண்டு, உறுப்பினர் சீட்டு கேட்பதில்லை. சபை ஒற்றுமை பற்றி மற்றவர்கள் மாநாடு போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை. யாருடைய பாட்டை முதலில் பாடுவது என்பதில் தொடங்கும் பிரச்சினை.

1973 ஜனவரி 27 அன்று சவுத் யூனியன் அவென்யூ கட்டடம் எரிந்துபோனது. வாங்கி அர்ப்பணித்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஒரே தீயில் ஒரு தேவாலயமும் ஒரு ஜெபாலயமும் வீடிழந்தன. யூதர்களுக்கு இப்போது இடம் கொடுத்தது லியோ பேக் டெம்பிள் என்ற பெரிய ஜெபாலயம். தங்கள் மதத்தாரே கதவைத் திறந்த அந்த நிகழ்ச்சி பின்னால் மிகவும் உதவியது.

அமெரிக்க சீர்திருத்த யூதர்களின் தேசிய அமைப்பில் உறுப்பினராகச் சேர இந்தச் சிறு ஜெபாலயம் விண்ணப்பித்தது. அந்த அமைப்பின் வட்டார இயக்குநர் ரபி எர்வின் ஹெர்மன் துணைநின்றார். எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. சீர்திருத்த யூதர்களின் மிக மதிக்கப்பட்ட சட்ட அறிஞரான ரபி சாலமன் ஃப்ரீஹோஃப், தன்பாலீர்ப்பாளருக்குத் தனி ஜெபாலயம் கூடாது என்றே தீர்ப்பு எழுதினார். ஆனாலும் 1974-ல் அமைப்பு அவர்களைச் சேர்த்துக்கொண்டது.

அவர்களுக்கு வந்துசேர்ந்த தோரா சுருளுக்கு ஒரு கதை உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் நாஜிகள் அழித்த யூத ஊர்களின் சுருள்கள் பிராகு நகரில் குவிந்து கிடந்தன. 1964-ல் அவற்றில் 1,564 சுருள்கள் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஜெபாலயத்துக்கு வந்தன. அங்கிருந்து உலகெங்கும் ஜெபாலயங்களுக்குக் கொடுக்கப்பட்டன. கோட்டேபோர்ஜ் என்ற சிற்றூரின் சுருள் லாஸ் ஏஞ்சல்ஸில் இந்தக் கூட்டத்துக்குக் கிடைத்தது. அந்தச் சுருளை வாசித்த யூதர்கள் மடிந்துபோனார்கள். நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பாளர்களும் அடைக்கப்பட்டார்கள் என்பதை நினைத்தால், அது தவறான முகவரிக்குப் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் கட்டடம் எரிந்த அதே 1973 எம்.சி.சி.க்கு இன்னும் கொடிய ஒரு தீயை வைத்திருந்தது.

ஜூன் 24, ஞாயிறு மாலை. நியூ ஆர்லியன்ஸ் பிரெஞ்சுக் குடியிருப்பின் விளிம்பில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் ‘அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச்’ என்ற மதுக்கூடம். உள்ளூர் எம்.சி.சி. சபை சில காலம் அங்கேதான் ஆராதனை நடத்தியிருந்தது. பிறகும் சபையார் கூடிப் பேசும் இடம் அதுவே. மாடிப்படியில் யாரோ தீ வைத்தார்கள். 32 பேர் இறந்தார்கள். போதகர் பில் லார்சன் சன்னல் கம்பிகளில் சிக்கி எரிந்தார். துணைப் போதகர் ஜார்ஜ் மிட்செல் தப்பித்து வெளியே வந்தவர். தன் துணைவரைக் காப்பாற்றத் திரும்ப உள்ளே போனார், இருவருமே வரவில்லை. அந்தக் குற்றத்துக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

பெர்ரி விமானம் ஏறி வந்தார். இறந்தவர்களுக்கு ஓர் அஞ்சலி ஆராதனை நடத்த இடம் கேட்டு ஆலயம் ஆலயமாகக் கேட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் மூடின. நகரில் பெரும்பான்மை கத்தோலிக்கர்கள். அவர்களுடைய பேராயரிடமிருந்து இரங்கல் வார்த்தைகூட வரவில்லை.

முதலில் திறந்தவர் செயின்ட் ஜார்ஜ் எபிஸ்கோபல் ஆலயத்தின் குரு வில்லியம் ரிச்சர்ட்சன். தீ நடந்த மறுநாளே தன் ஆலயத்தில் சிறு ஜெபக்கூட்டம் நடத்த அனுமதித்தார். சுமார் 80 பேர் வந்தார்கள். விளைவு? அவருடைய பேராயர் அதிருப்தி தெரிவித்தார். சபையாரிடமிருந்து கண்டனக் கடிதங்கள் வந்தன. ரிச்சர்ட்சன் பின்வாங்கவில்லை; இயேசு இவர்களை உள்ளே விட்டிருப்பாரா மாட்டாரா என்று கேட்டுத் தன் சபையாருக்குப் பதில் எழுதினார்.

ஜூலை 1 அன்று பெரிய அஞ்சலிக் கூட்டம் பிரெஞ்சுக் குடியிருப்பின் செயின்ட் மார்க்ஸ் யுனைட்டெட் மெதடிஸ்ட் ஆலயத்தில் நடந்தது. லூசியானாவின் மெதடிஸ்ட் பேராயர் ஃபினிஸ் கிரட்ச்ஃபீல்ட் தாமே வந்து உட்கார்ந்தார். வெளியே தொலைக்காட்சி கேமராக்கள் காத்திருப்பதாகச் செய்தி வந்தது. படத்தில் முகம் தெரிந்தால் வேலை போகும், வீடு போகும் காலம் அது. வேண்டுமானால் பின்வாசல் வழியாகப் போகலாம் என்று அறிவித்தபோது ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை என்பது பெர்ரி பல மேடைகளில் சொன்ன செய்தி. கத்தோலிக்கப் பேராயத்தின் வருத்தம் வர 40 ஆண்டுகள் ஆயின. 2013-ல் பேராயர் கிரெகரி அய்மண்ட் மன்னிப்புக் கேட்டார். நகர மன்றம் 2022-ல் கேட்டது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. எம்.சி.சி.க்கு மற்ற சபைகளோடு உறவு எங்கெல்லாம் நிலைத்ததோ, அங்கெல்லாம் தொடக்கம் ஓர் அறை, ஒரு சவ அடக்கம், ஒரு மருத்துவமனைக் கட்டில். எங்கெல்லாம் தொடக்கம் ஒரு விண்ணப்பப் படிவமோ, அங்கே கதை வேறு.

விண்ணப்பத்தின் கதைக்கு வருவோம். 1950-ல் உருவான அமெரிக்கத் தேசியத் திருச்சபைகள் கவுன்சிலின் தலைமையகம் நியூயார்க்கில் ரிவர்சைடு டிரைவ் 475-ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. சதுரமான, அழகில்லாத கட்டடம். ‘கடவுள் பெட்டி’ என்று நகரத்தார் கேலி செய்வார்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்தக் கவுன்சிலில் 30-க்கும் மேற்பட்ட சபைகள், ஏறத்தாழ 4 கோடி விசுவாசிகள். மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியன்கள், எபிஸ்கோபல்காரர்கள், கறுப்பினத்தாரின் பெரிய சபைகள், கிரேக்க, சிரிய, ஆர்மீனிய ஆர்த்தடாக்ஸ் சபைகள் எல்லாம் அதில் உண்டு. 1981-ல் எம்.சி.சி. தன்னையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டது.

வேலையை முன்னின்று செய்தவர் நான்சி வில்சன். 1950-ல் பிறந்தவர், எம்.சி.சி.யின் மூப்பர்களில் ஒருவர். பிற சபைகளோடான உறவுக்குப் பொறுப்பாளர். அவர் இறையியல் பட்டம் பெற்றது மிச்சிகன் மாநிலத்தில் ஆர்ச்சர்ட் லேக் என்ற ஊரிலுள்ள கத்தோலிக்கக் குருமடத்தில், போலந்து வம்சாவளியினர் நிறுவியதில். ஒரு லெஸ்பியன் புராட்டஸ்டண்ட் போதகர் கத்தோலிக்கக் குருமடத்தில் படித்துவந்து ஆர்த்தடாக்ஸ் பேராயர்களோடு வாதிடுகிறார் என்றால், சபை ஒற்றுமை என்ற சொல்லுக்கு நடமாடும் உதாரணம் அவரே.

கவுன்சிலின் உறுப்பினர் குழு 1982-ல் எம்.சி.சி.யின் ஆவணங்களைப் பார்த்தது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமும் நைசீன் பிரமாணமும் இருக்கின்றன. ஞானஸ்நானமும் திருவிருந்தும் இருக்கின்றன. நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறது. விதிப்படி தகுதி உண்டு என்றது குழு. அங்கேதான் சிக்கலே தொடங்கியது. ஆவணத்தில் குறை இருந்திருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வெளியேறுவோம் என்றன ஆர்த்தடாக்ஸ் சபைகள். கறுப்பினச் சபைகளிலும் கடும் எதிர்ப்பு இருந்தது. யுனைட்டெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் ஆதரித்தது. 1972-லேயே வெளிப்படையான தன்பாலீர்ப்பாளரான வில்லியம் ஜான்சனுக்குக் குருத்துவ அபிஷேகம் தந்த சபை அது. ஆர்த்தடாக்ஸ் தரப்பை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. கவுன்சிலில் பக்கத்தில் உட்காருவது என்றால் அவர்களைச் ‘சபை’ என்று ஏற்பது. ஏற்றால் அவர்களுடைய போதனையையும் பாதி ஏற்றதாகும் என்பது அவர்களின் இறையியல் பயம். ஆனால் மற்ற பெரிய சபைகளுக்கு அந்தப் பயம் இல்லை. அவர்களுக்கு இருந்தது தலைக்கணக்குப் பயம். எம்.சி.சி. வந்தால் ஆயிரக்கணக்கில்தான் ஆட்கள் வருவார்கள். ஆர்த்தடாக்ஸ் போனால் பல லட்சம் பேர் போவார்கள்.

1983 நவம்பர், கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டு. கவுன்சிலின் ஆட்சிக்குழு கூடியது. சேர்க்கலாமா வேண்டாமா என்று வாக்கெடுக்கவே இல்லை. தகுதி பற்றிய வாக்கெடுப்பைக் காலவரையறையின்றித் தள்ளிவைக்கலாமா என்பதற்கு மட்டும் வாக்கெடுத்தார்கள். தள்ளிவைக்க 116, வேண்டாம் என்று 94. நிராகரித்தோம் என்ற பழியும் இல்லை, ஏற்றோம் என்ற வம்பும் இல்லை. குழு அரசியலில் கைதேர்ந்தவர்கள் செய்த வேலை. 94 என்ற எண்ணைத்தான் வில்சன் தரப்பு பிடித்துக்கொண்டது. விண்ணப்பித்தபோது இருந்த ஆதரவு அவ்வளவு இல்லை. உறுப்பினராக வேண்டாம், பார்வையாளராகவாவது உட்காரவிடுங்கள் என்று பின்னர் கேட்டுப் பார்த்தார்கள். 1992-ல் அதுவும் குறுகிய வித்தியாசத்தில் கைகூடாமல் போனது. லாஸ் ஏஞ்சல்ஸில் இவர்கள் இடம் கொடுத்து வளர்த்த யூதக் குழு இரண்டே ஆண்டில் தன் தேசிய அமைப்புக்குள் நுழைந்தது. இடம் கொடுத்தவர்கள் பதினோர் ஆண்டு தட்டியும் தங்கள் மதத்தாரின் வாசலிலேயே நின்றார்கள்.

இதற்குள் எய்ட்ஸ் வந்துவிட்டிருந்தது. ஹார்ட்ஃபோர்டு வாக்கெடுப்பு நடந்தபோதே எம்.சி.சி. சபைகளில் சவ அடக்கங்கள் தொடங்கியிருந்தன. 1984-ல் எய்ட்ஸ் என்று கண்டறியப்பட்ட எம்.சி.சி. போதகர் ஸ்டீஃபன் பீட்டர்ஸ், 1985 நவம்பரில் டாமி ஃபே பேக்கரின் கிறிஸ்தவத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினார். நேரில் அல்ல, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக. அமெரிக்கப் பழமைவாதக் கிறிஸ்தவர்களின் வீட்டுக் கூடத்துக்குள் ஒரு தன்பாலீர்ப்பாளர் போதகர் நோயாளியாகவும் விசுவாசியாகவும் வந்து பேசியது அதுவே முதல் தடவை என்று சொல்லலாம். டாமி ஃபே கண்ணீர்விட்டார். கிறிஸ்தவர்களாகிய நாம் இவர்களை அணைத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டார். பெந்தெகொஸ்தே உலகத்திலிருந்து பெர்ரியைத் துரத்தியவர்களின் பரம்பரையில் வந்த பெண்மணி அவர். பீட்டர்ஸ் டாக்டர்கள் கொடுத்த கெடுவைத் தாண்டி 2023 வரை வாழ்ந்தார்.

நோய் எந்த வாக்கெடுப்புக்கும் காத்திருக்கவில்லை. ரபிகளும் கத்தோலிக்கக் கன்னியரும் எபிஸ்கோபல் குருக்களும் எம்.சி.சி. போதகர்களும் ஒரே மருத்துவமனை வராந்தாவில் சந்தித்தார்கள். எய்ட்ஸ் பணிக்கான பல்சமயக் கூட்டமைப்புகள் 1980-களின் பிற்பகுதியில் உருவாயின. தேசியக் கவுன்சிலில் இடமில்லாத சபை, இங்கே அனுபவசாலியாக மதிக்கப்பட்டது. சாகிற மனிதனின் கையைப் பிடித்துக்கொண்டு எப்படி ஜெபிப்பது என்று மற்றவர்கள் இவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சில மாநில, நகரக் கவுன்சில்கள் எம்.சி.சி. சபைகளைச் சேர்த்துக்கொண்டன. 2011-ல் அதிபர் ஒபாமா, மத அமைப்புகளோடு அரசு இணைந்து பணியாற்றுவது குறித்த தன் ஆலோசனைக் குழுவில் நான்சி வில்சனை நியமித்தார். அப்போது அவர் எம்.சி.சி.யின் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

கதவுகள் திறந்ததில் நஷ்டமும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தொடர் துண்டுப் பிரசுரமாகிவிடும். யுனைட்டெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் 1985-ல் தன் சபைகள் தன்பாலீர்ப்பாளரை வெளிப்படையாக வரவேற்க அழைப்பு விடுத்தது. 2005-ல் திருமணச் சம உரிமையையும் ஆதரித்தது. எம்.சி.சி.யின் மிகப் பெரிய சபையாக இருந்தது டல்லாஸ் நகரின் ‘கதீட்ரல் ஆஃப் ஹோப்’, 1970-ல் தொடங்கியது. 2003-ல் அது எம்.சி.சி.யை விட்டு விலகியது; 2006-ல் யுனைட்டெட் சர்ச்சில் சேர்ந்தது. கூட்டாளியின் வீடு வசதியாக இருந்தால் பிள்ளைகள் அங்கே குடிபோகத்தானே செய்வார்கள்? அடைக்கலம் தேவைப்பட்ட காலத்தில் வளர்ந்த சபை, அடைக்கலங்கள் பெருகியபோது சுருங்கியது.

அந்த டல்லாஸ் வளாகத்தில் 2010-ல் ‘பல்சமய அமைதிச் சிற்றாலயம்’ ஒன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் 2005-ல் காலமான கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சன். செங்கோணமோ இணைகோடோ இல்லாத, வளைந்து நெளிந்த கட்டடம். ஜான்சன் தன்பாலீர்ப்பாளர், 1930-களில் நாஜிகளை ஆதரித்தவரும்கூட. பிற்காலத்தில் அதற்காக வெட்கப்பட்டு, நியூயார்க் மாநிலத்தில் ஒரு யூத ஜெபாலயத்தை ஊதியம் வாங்காமல் வடிவமைத்துக் கொடுத்தார். எந்த மதத்தாரும் வந்து ஜெபிக்கலாம், மணம் செய்யலாம் என்ற அந்தச் சிற்றாலயம் எம்.சி.சி.யின் நீண்ட கனவுதான். கட்டி முடிந்தபோது சொத்து வேறு சபையின் கையில் இருந்தது.

பேத் ஹயீம் ஹடாஷிம் இன்றும் லாஸ் ஏஞ்சல்ஸில் இயங்குகிறது. ஹார்ட்ஃபோர்டில் தள்ளிவைத்த வாக்கெடுப்பைத் தேசியக் கவுன்சில் திரும்ப எடுக்கவே இல்லை. அதன் உறுப்புச் சபைகள் பட்டியலில் எம்.சி.சி.யின் பெயர் இல்லை. அதே எம்.சி.சி.யின் பிரதிநிதிகள் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவைகளுக்குப் போய்வருகிறார்கள். அவற்றில் ஒன்று 1998 டிசம்பரில், தன்பாலீர்ப்பாளரை வெளிப்படையாக வசைபாடிய அதிபர் முகாபேயின் ஜிம்பாப்வேயில் நடந்தது. தலைநகர் ஹராரேயில் உள்ள ஜிம்பாப்வே பல்கலைக்கழக வளாகத்தில் அந்தப் பன்னிரண்டு நாட்களில் நடந்தவற்றை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)